வெண்ணெய் அறைக்கு ஒரு மூக்கு

"மீட்டரு பொய் சொல்லும், டாக்டரு பொய் சொல்லுவாரு, பஞ்சாங்கங்கூடப் பொய் சொல்லும். என்ற மூக்கு சொல்லாதுங்க" என்றபடி நஞ்சுண்டசாமி கலவை அறையின் வாசலில் நிற்கிறார். இடது நாசியை விரலால் அடைத்து வலதால் ஓர் இழுப்பு. வலதை அடைத்து இடதால் ஓர் இழுப்பு. பிறகு இரண்டையும் திறந்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்ததும் சமையற்கட்டுப் பக்கம் திரும்பி மோப்பம் பிடிக்கிறவரைப் போல, கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஒன்று. மூன்றாவது இழுப்பு முடிந்ததும் மீசை ஒருமுறை ஏறி இறங்கும். "சுத்தம். வாங்க" என்பார். அதன் பிறகுதான் மற்றவர்கள் உள்ளே காலெடுத்து வைக்கலாம். காலை எட்டேகாலுக்கு ஒருமுறை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை. ஞாயிற்றுக்கிழமை மூக்குக்கும் விடுமுறை.

மூக்கு பொய் சொல்லாது என்கிற வாக்கியத்தை அவர் முதன்முதலாகச் சொன்னது ஒரு தொழிற்சாலை ஆய்வாளரின் முகத்துக்கு நேராக. ஆய்வாளர் அசந்துபோய் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார் என்பது நஞ்சுண்டசாமியின் கட்சி. அவர் எழுதியது 'முகக்கவசம் அணியவில்லை' என்றுதான் என்பது மற்றவர்களின் கட்சி. எப்படியிருந்தாலும் எழுதினார் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஐடி கம்பெனிப் பேருந்துகள் திரும்பும் முனையைத் தாண்டி உள்ளே போனால் அந்த எசன்ஸ் தொழிற்சாலை வரும். பெயர்ப் பலகை தேவையில்லை, காற்றே பலகை. திங்களன்று ஏலக்காய், புதனன்று பாதாம், வெள்ளியன்று நெய். மைசூர்பாகில் நெய் மணக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நாட்டில் அதிகம். நெய் விலை கேட்டுத் திடுக்கிடாதவர்கள் குறைவு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தை இந்தத் தொழிற்சாலை சொட்டுச் சொட்டாக நிரப்பிக்கொண்டிருக்கிறது. அந்தச் சொட்டை அளந்து ஊற்றுகிற கை நஞ்சுண்டசாமியுடையது. இருபத்திரண்டு வருடமாக.

நெய் எசன்ஸின் உயிர்நாடி டையசெட்டில் என்கிற மஞ்சள் திரவம். தொழிலாளர்கள் அதை 'வெண்ணெத் தண்ணி' என்பார்கள். வெண்ணெயில் இயற்கையாகவே இதில் ஓர் அணுப்பிரமாணம் இருக்கிறது. அதைத் தின்று யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. பீப்பாயில் இருப்பதோ வேறு ஜாதி. அதன் ஆவி கண்ணை எரிக்கும். சாதாரண அறைச் சூட்டிலேயே ஒரு பொறி பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். அதைவிட மோசம், நாள்தோறும் சுவாசித்தால் நுரையீரலின் மெல்லிய குழாய்களைத் தழும்பாக்கி அடைத்துவிடும். அந்தத் தழும்பு திரும்ப ஆறாது. மருந்து கிடையாது. ஆரம்பத்தில் வலியும் கிடையாது. படியேறினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இத்தனை காரியத்தையும் அது சுடுசோற்றில் வெண்ணெய் உருகுகிற வாசனையோடு செய்யும். விஷமென்றால் விஷம்போல நாற வேண்டும் என்கிற அடிப்படை நாணயம்கூட அதற்கு இல்லை.

இந்தச் சங்கதியெல்லாம் பாதுகாப்புத் தாளில் தெளிவாக அச்சாகியிருக்கிறது. மொத்தம் பதினாறு பக்கம். பதினைந்து பக்கங்களில் என்னென்ன செய்யக் கூடாது என்றிருக்கும். பதினாறாவதில், இவ்வளவு சொல்லியும் செய்தால் எங்களைக் கேட்காதீர்கள் என்றிருக்கும். நஞ்சுண்டசாமி அந்தத் தாளை மடித்துத் தன் டிபன் கேரியருக்கு அடியில் விரித்துக்கொள்வார், ரசம் சிந்தினால் மேசை கறைபடக் கூடாதென்று. ஆக, அந்தத் தாள் யாரையும் காப்பாற்றவில்லை என்று சொல்ல முடியாது, மேசையைக் காப்பாற்றியது.

"எனக்கெதுக்குங்க மாஸ்க்கு? நஞ்சைக் குடிச்ச சாமி பேரை வெச்சிருக்கறேன். நஞ்சன்கூட்டுல மொட்டை போட்டு வெச்ச பேரு" என்பார். அந்தச் சாமிக்கு நஞ்சு தொண்டையோடு நின்றது, நெஞ்சுக்கு இறங்கவில்லை என்கிற நுட்பத்தை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், "எனக்கு மூக்கோடயே நின்னுக்கும்" என்றிருப்பார்.

ஆள் ஐந்தடி நாலங்குலம். ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஐம்பத்திரண்டு வயது. முகத்தில் முக்கால் பங்கை மீசை எடுத்துக்கொண்டது. மிச்சத்தில் மூக்கு குடித்தனம் இருக்கிறது. மீசைக்குத் தினமும் தேங்காயெண்ணெய், வெள்ளிக்கிழமை விளக்கெண்ணெய். நுனி இரண்டும் கன்னத்தைத் தாண்டிக் காதுகளிடம் ஏதோ விசாரிக்கப் போவதுபோல நிற்கும். பஸ் ஸ்டாண்டில் நின்றால், நஞ்சன்கூட்டிலிருந்து வரும் பேருந்தில் ரசபாளை வாழைப்பழக் கூடை இருக்கிறதா இல்லையா என்பதைப் பேருந்து நிற்கும் முன்னே சொல்லிவிடுவாராம். சொல்லியதைப் பார்த்தவர்கள் உண்டு. கடைசியாகப் பார்த்தது எந்த வருஷம் என்று கேட்டால்தான் கொஞ்சம் இழுப்பார்கள்.

விஜயநகர் நாலாம் ஸ்டேஜில் வாடகை வீடு. மனைவி தேவம்மா இந்த மூக்கோடு இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவர். அதனால் அதைப் பற்றி அவருக்குச் சொந்த அபிப்பிராயம் உண்டு. போன மாசம் அடுப்பில் பால் வைத்துவிட்டு, "பாத்துக்குங்க" என்று மாடிக்குத் துணி எடுக்கப் போனார். திரும்பி வந்தால் வீடெல்லாம் கருகல் புகை. அடுப்புக்கு நாலடி தள்ளி நஞ்சுண்டசாமி செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார்.

"ஏனுங்க, பால் கருகி, பாத்திரம் கருகி, அடுத்தது வீடுதான் கருகணும். உங்களுக்கு ஒண்ணுந் தெரியலையா?"

"பேப்பர்ல முக்கியமான நியூசு ஓடுது, நீ வேற."

"உங்க மூக்கு கம்பெனிக்குள்ள மட்டுந்தான் வேலை செய்யுமாட்ட இருக்குது. கார்டு தேய்ச்சாத்தான் ஓடுமோ என்னமோ!"

சாமுண்டி மலைப் படியேறுவதும் அவர் வழக்கம். முன்பெல்லாம் உச்சிவரை. இப்போது வழியிலிருக்கும் நந்தி சிலை வரைதான். அங்கே உட்கார்ந்து, "ஊரு இங்கிருந்து பாத்தாத்தான் அழகு" என்று அரை மணி நேரம் ஊரை ரசிப்பார். ரசித்து முடிப்பதற்குள் மூச்சு சீராகிவிடும்.

இப்படி மூக்கும் மீசையுமாக ராஜ்ஜியம் நடந்துகொண்டிருந்தபோதுதான் சுசித்ரா வந்து சேர்ந்தார். பாதுகாப்பு அதிகாரி. வயது இருபத்தொன்பது. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கன்னடத்தில் யோசித்துத் தமிழில் திட்டுகிறவர். கையில் டார்ச் விளக்குப் போல ஒரு கருவி வைத்திருப்பார். காற்றில் எவ்வளவு ஆவி இருக்கிறதென்று அது எண் காட்டும். முதல் நாளே கலவை அறை வாசலில் மூன்று இழுப்பு வைபவத்தைப் பார்த்துவிட்டார்.

"ஏன்ரீ இது? என்ன பூஜை?"

"செக்கிங் மேடம்."

"நஞ்சுண்டசாமியவரே, மூக்கு மீட்டர் இல்ல ரீ. ஒரே வாசனையை கொஞ்ச நேரம் குடுத்தா அதுக்கு போர் அடிச்சுடும். அப்புறம் சொல்றதையே நிறுத்திடும், அஷ்டே, அவ்வளவுதான். வாசனை தெரியலைன்னா ஆவி இல்லைன்னு அர்த்தமில்ல."

"உங்க மூக்குக்குப் போர் அடிக்குமுங்க மேடம். என்றது உத்தியோகத்துல இருக்கற மூக்கு. சம்பளம் வாங்குது."

சுசித்ரா சிரிக்கவில்லை. ஒரு வாரத்தில் சட்டங்கள் சுவரில் ஏறின. வெண்ணெத் தண்ணியை ஜக்கில் மொண்டு ஊற்றக் கூடாது. மூடிய குழாயில் பம்ப் வழியாகத்தான் போக வேண்டும். பீப்பாய் வேலை நேரம் தவிரக் குளிர் அறையில்தான் இருக்க வேண்டும். வாயை உடனே இறுக்க வேண்டும். காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிற விசிறி ஓடாமல் வேலை கூடாது. எல்லோரும் முகக்கவசம் அணிய வேண்டும்; அதுவும் துணிக் கவசமில்லை, இரண்டு கன்னத்திலும் வட்ட வட்டமாக வடிகட்டிப் பெட்டி வைத்த ரப்பர்க் கவசம், கண்ணுக்குக் காற்றுப் புகாத கண்ணாடி. கருவியில் சுசித்ரா அளவு பார்த்துச் சொல்லும்வரை அதைக் கழற்றக் கூடாது. கவசத்தை மாட்டிக்கொண்டு ஒன்பது பேரும் வரிசையாக நடந்தபோது, அவர்களில் ஒருத்தியான வினிதா, "தசரா ஜம்பு சவாரிக்கு யானை கட்டின மாதிரி இருக்குது. அம்பாரி ஒண்ணுதான் கொறைச்சல்" என்றாள்.

வினிதா கொள்ளேகாலில் இருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். இரண்டு பிள்ளைகளின் தாய். கலவை அறையில் நஞ்சுண்டசாமிக்கு அடுத்த இடம் அவளுடையது. வாய்த்துடுக்கில் முதல் இடம்.

கடைசிச் சட்டத்தைத்தான் நஞ்சுண்டசாமி இரண்டு தடவை படித்தார். கவசம் முகத்தோடு கசிவில்லாமல் ஒட்டுகிறதா என்று ஒவ்வொருவருக்கும் சோதனை. தேறாதவர் கலவை அறைக்குள் வர முடியாது. லேபிள் பிரிவுக்குப் போக வேண்டும். லேபிள் பிரிவு நல்ல இடம்தான். காற்றோட்டம் உண்டு, உட்கார நாற்காலி உண்டு, ரேடியோகூட உண்டு. ஆனால் அங்கே மூக்குக்கு வேலையில்லை, பசைக்குத்தான் வேலை. இருபத்திரண்டு வருடம் 'சுத்தம், வாங்க' என்று சொன்ன மனிதர், டப்பாவில் 'நெய் மணம்' என்று ஒட்டிக்கொண்டு உட்கார்வதா? அதைவிட நந்தியின் மேலிருந்து குதித்துவிடலாம் என்று தோன்றியது. நந்தி அவ்வளவு உயரமில்லை என்பதும் கூடவே தோன்றியது.

முதல் கண்டம் மீசை. கவசத்தின் விளிம்பில் ஒரு முடி குறுக்கே வந்தாலும் கசியும், எடுத்துவிட்டு வாருங்கள் என்றார் சுசித்ரா. நஞ்சுண்டசாமி நேரே முதலாளி அறைக்குப் போனார். போனபோது பேசவில்லை, மீசையை மட்டும் காட்டினார். முதலாளிக்கும் மீசை உண்டு. சோதனையில் தேறினால் மீசை இருக்கட்டும் என்று தீர்ப்பாயிற்று. சுசித்ரா, "விளிம்புக்கு வெளிய ஒரு முடி தெரிஞ்சாலும் கேன்சல்" என்று மட்டும் கன்னடத்தில் சொல்லி, அது போதாதென்று தமிழிலும் சொன்னார்.

சோதனை நாள். மேசைமேல் இரண்டு ஜாடி. ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றதில் வாழைப்பழ எசன்ஸ் எண்ணெயை ஒரு துளி விட்டு, நீர்க்க நீர்க்கக் கலந்த தண்ணீர். முதலில் மூக்கு வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காம். பக்கத்தில் 'தண்ணீர்', 'பழம்' என்று கன்னடத்தில் எழுதிய இரண்டு சீட்டுகள். முகர்ந்து பார்த்து, எந்த ஜாடி எதுவோ அதை அந்தச் சீட்டின்மேல் வைக்க வேண்டும். எட்டுப் பேரும் கண்சிமிட்டும் நேரத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். வாசல் காவலாளிகூட வேடிக்கை பார்க்க வந்தவர், சும்மா முகர்ந்துவிட்டு, "ஆஹா, பாளெ ஹண்ணு!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"மூக்கு சாமிக்கு இதெல்லாம் அவமானம். வாழைத்தாரையே முழுசாக் கொண்டாந்து வெச்சிருக்கணும்" என்றாள் வினிதா.

நஞ்சுண்டசாமி இடது ஜாடியை எடுத்தார். இடது நாசியில் ஒன்று, வலதில் ஒன்று, இரண்டிலும் ஒன்று. தண்ணீர். வலது ஜாடியை எடுத்தார். மூன்று இழுப்பு. தண்ணீர்.

அவர் மனம் சட்டென்று பதில் கண்டுபிடித்தது. காலையில் தலைக்குக் குளித்தோம், ஜலதோஷம். ஜலதோஷம் அவருக்கு வந்து நாலு வருஷமாயிற்று என்பதைப் பற்றி மனம் விசாரணை வைக்கவில்லை. கண் மட்டும் விழித்திருந்தது. ஒவ்வொருவர் முகர்ந்து முடித்ததும் சுசித்ரா ஒரு ஜாடியின் மூடியை உடனே இறுக்கித் திருகுகிறார். மற்றதைப் பேருக்கு மூடுகிறார். தண்ணீரை யாராவது அப்படிப் பத்திரப்படுத்துவார்களா? நஞ்சுண்டசாமி அந்த ஜாடியைக் கம்பீரமாக எடுத்துப் 'பழம்' என்ற சீட்டின்மேல் வைத்தார். கண் செய்த வேலைக்கு மூக்கு பெயர் வாங்கிக்கொண்டது.

அடுத்தது பை. கூரையிலிருந்து ஒரு வளையத்தில் தொங்கும் பெரிய பிளாஸ்டிக் பை. கவசத்தை மாட்டிக்கொண்டு அதற்குள் தலையை நுழைத்து நிற்க வேண்டும். உச்சியில் வாழைப்பழ எண்ணெயில் நனைத்த காகிதம் தொங்கும். பை முழுக்க வாழைப்பழ ஆவி. மூச்சு விட வேண்டும், தலையைத் திருப்ப வேண்டும், குனிய வேண்டும், பேச வேண்டும். பழ வாசனை தெரிந்தால் கவசம் கசிகிறது; கையைத் தூக்க வேண்டும். தெரியாவிட்டால் தேர்ச்சி. வாசனை தெரியாதவனே ஜெயித்தவன் என்கிற விபரீத விளையாட்டு உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். வினிதா முதல் தடவை கையைத் தூக்கினாள். பட்டையை இழுத்துக் கட்டி, இரண்டாம் தடவை தேறினாள்.

நஞ்சுண்டசாமி மீசை நுனிகளை எண்ணெய் தடவி, மசால் தோசையை மடிப்பதுபோல உள்பக்கம் மடித்துக் கவசத்தை அழுத்தினார். சுசித்ரா டார்ச் அடித்துச் சுற்றிலும் பார்த்தார். ஒரு முடியும் இல்லை. பைக்குள் தலை போயிற்று.

"பேசுங்க."

"என்ன பேசறதுங்க?"

"ஏதாவது பேசுங்க. நிறுத்தாம."

"ஹனூரு, காமகெரே, கொள்ளேகாலு, நரசீபுரம், மைசூரு" என்று சொந்த ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தார் நஞ்சுண்டசாமி. மறுபடி மைசூரிலிருந்து திரும்பிப் போனார். தலையை இடமும் வலமும் ஆட்டச் சொன்னார்கள். மூன்றாவது ஆட்டத்தில், நரசீபுரம் தாண்டும்போது, வலது மீசை நுனி அடைப்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பை மூச்சுக்காற்றில் மங்கியிருந்ததால் வெளியிலிருந்த யாருக்கும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் மீசையோரமாகக் குளுகுளுவென்று காற்று உள்ளே வந்தது. பைக்குள் இருந்த காற்று. வாழைத்தோப்புக் காற்று.

அவர் காத்திருந்தார். இதோ வரும், இப்போது வரும் என்று, பஸ் ஸ்டாண்டில் கடைசி வண்டிக்கு நிற்கிறவரைப் போலக் காத்திருந்தார். கொள்ளேகால் வந்தது, ஹனூர் வந்தது. வாழைப்பழம் வரவில்லை. இதற்கு ஜலதோஷம் என்று சொல்ல முடியாது. கன்னத்தில் சில்லென்று பட்ட காற்று ஒரு தடையும் இல்லாமல் மூக்கின் உச்சிவரை போய் வந்துகொண்டிருந்தது. வழி திறந்துதான் இருந்தது. வீட்டில்தான் ஆளில்லை.

கை தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. தூக்கவில்லை. தூக்கினால் லேபிள் பிரிவு.

பையிலிருந்து தலையை எடுக்கிற சாக்கில் மீசையை ஒரு விரலால் உள்ளே தள்ளிவிட்டார். சுசித்ரா படிவத்தைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், மறுபடி படிவத்தைப் பார்த்தார். நம்ப முடியாமல் கையெழுத்துப் போட்டார். வாசலில் கைதட்டல். வினிதா எங்கிருந்தோ ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து, "மீட்டரு தோத்துப் போச்சு, மூக்கு ஜெயிச்சுப் போச்சு!" என்று அவர் கையில் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் வீடு திரும்புகிற வழியில், யாரும் பார்க்காத ஒரு முனையில் ஸ்கூட்டரை நிறுத்தி, அந்தச் சீப்பில் ஒரு பழத்தை உரித்தார் நஞ்சுண்டசாமி. மூக்குக்குக் கீழே பிடித்து நின்றார். பிறகு கடித்தார். இனிப்பு இருந்தது, குழைவு இருந்தது. பழம் இல்லை. எட்டுப் பழத்தையும் உரித்துப் பார்த்தார். எதிலாவது இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. தெருவோரம் நின்றிருந்த பசுவுக்கு அன்று நல்ல வேளை.

ஆனாலும் மறுநாள் எட்டேகாலுக்கு வாசலில் நின்றார். மூன்று இழுப்பு. மீசை ஏறி இறங்கியது. "சுத்தம். வாங்க." மாஸ்க் போடத்தானே போகிறார்கள், சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

குறைந்தது அடுத்த வெள்ளிக்கிழமை. நெய் நாள். பம்ப் ஓடி முடிந்தது. கவசத்தைக் கழற்றச் சொல்ல வேண்டிய சுசித்ரா, கருவியோடு குளிர் அறையில் இருந்தார். மதிய வெயில். வினிதாவுக்குக் கவசத்துக்குள் வியர்வை ஒழுகிக் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துவிட்டது.

"சாமண்ணா, கழட்டலாமா? உள்ளுக்குள்ள அவிஞ்சு போறேன்."

சோதனையில் ஜெயித்த மூக்கிடம் அவள் கேட்டாள். அறையிலிருந்த மற்ற இருவரும் அவரையே பார்த்தார்கள். 'மேடம் வரட்டும்' என்று இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லைச் சொல்லிவிட்டால் இருபத்திரண்டு வருடம் எங்கே போவது? நஞ்சுண்டசாமி தன் கவசத்தைக் கீழே இறக்கி, இடதில் ஒன்று, வலதில் ஒன்று, இரண்டிலும் நீளமாக ஒன்று இழுத்தார்.

"சுத்தம். கழட்டு."

வினிதா கண்ணாடியையும் கவசத்தையும் கழற்றினாள். ஒரே மூச்சுதான் இழுத்தாள். அடுத்ததற்கு இருமல் வந்துவிட்டது. மார்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்ட, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். அவளுக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் பீப்பாயின் வாய் பாதி திருகிய நிலையில் இருந்தது. திருகியவர் நஞ்சுண்டசாமி. பாதியில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போனவர், கவசத்தை இறக்கி முகர்ந்தபோதும் வாசனை ஏதும் வரவில்லை என்பதால் இறுக்கிவிட்டதாகவே நினைத்துக்கொண்டார்.

வேப்பமரத்தடியில் வினிதா குந்தி உட்கார்ந்திருந்தாள். யாரோ கண்ணில் தண்ணீர் அடித்தார்கள்.

"அண்ணா, வெண்ணெ அண்டாக்குள்ள தலைய விட்ட மாதிரி அடிச்சுதே. உங்களுக்குத் தெரியலையா?"

நஞ்சுண்டசாமியின் வாய் முந்திக்கொண்டது. "தெரிஞ்சுது கண்ணு. நீ கவனமா இருக்கறியான்னு பாத்தேன்."

வினிதா முகத்தைத் துடைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். வாய்த்துடுக்கு எல்லாம் எங்கோ போயிருந்தது.

"என்ற நெஞ்சை வெச்சா பாத்தீங்க?"

ஆஸ்பத்திரியில் குழாயை ஊதச் சொன்னார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒரு மூச்சோடு போயிற்று, பிழைத்தாய் என்று இரண்டு நாள் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். திங்கட்கிழமை விசாரணை. கவசத்தை ஏன் கழற்றினாய் என்று சுசித்ரா கேட்டார். நஞ்சுண்டசாமி பக்கத்தில் நின்றார். வினிதா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"வேர்த்துது மேடம். நானாத்தான் கழட்டிட்டேன். யாருஞ் சொல்லல."

சுசித்ரா அவள் பெயருக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதினார். இன்னொரு முறை நடந்தால் லேபிள் பிரிவு என்று அதில் இருந்தது. வினிதா கையெழுத்துப் போட்டாள். நஞ்சுண்டசாமி தொண்டையைக் கனைத்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஃபேன் சத்தம் ஜாஸ்தியா இருக்குது" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை. தேவம்மா காப்பி கொண்டுவந்தபோது குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு யாரோ அந்நியர் வெளியே வந்தார். காப்பி டம்ளர் தப்பியது பெரிய காரியம். மூக்குக்குக் கீழே, இருபத்தாறு வருடமாக அவர் பார்த்தேயிராத ஒரு பிரதேசம், வெளிறி, வெட்கப்பட்டுக்கொண்டு வெட்டவெளியில் நின்றது.

"இந்த மொகத்தையா நான் கட்டிக்கிட்டேன்?" என்றார் தேவம்மா. சிரித்து முடித்துப் பார்த்தால் அவர் சிரிக்கவில்லை. "ஏனுங்க, என்னாச்சு?"

"நீ சொன்னது நெசந்தான், தேவு. பாலு கருகுனது எனக்குத் தெரியல."

தேவம்மா காப்பியை அவர் கையில் வைத்து, ஆறிவிடும் என்று மட்டும் சொன்னார்.

எட்டேகாலுக்குக் கலவை அறை வாசலில் ஏழு பேர் வழக்கம்போலக் காத்து நின்றார்கள். நஞ்சுண்டசாமி அன்று வாசலில் நிற்கவில்லை. கூட்டத்தைக் கடந்துபோன மீசையில்லாத மனிதரை அவர்களில் மூன்று பேர் அடையாளம் கண்டுகொள்ளவுமில்லை. அவர் நேரே சுசித்ராவின் அறைக்குப் போனார்.

"மேடம், அந்த ரெண்டு ஜாடி இருக்குங்களா?"

சுசித்ரா நிமிர்ந்தார். யாரென்று தெரிந்துகொள்ள ஒரு கணம் பிடித்தது. "அய்யோ ராமா, நஞ்சுண்டசாமியவரே! மீசை ஏன்ரீ எடுத்தீங்க? நீங்கதான் பாஸ் ஆயிட்டீங்களே?"

"வெள்ளிக்கெழமை வினிதாம்மா தானாக் கழட்டலீங்க. நான்தான் கழட்டச் சொன்னேன். பீப்பாய் வாயைப் பாதியில விட்டதும் நான்தான். அந்தக் கடுதாசியை என்ற பேருக்கு மாத்திருங்க." ஒரு மூச்சு வாங்கிக்கொண்டார். "ஜாடியைக் கொடுங்க மேடம்."

சுசித்ரா அலமாரியைத் திறந்து ஜாடிகளையும் சீட்டுகளையும் எடுத்து, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜாடிகளை இடம் மாற்றி, இரண்டு மூடிகளையும் ஒரே இறுக்காக இறுக்கி, மேசையில் வைத்தார். வாசலில் வினிதா வந்து நின்றிருந்தாள், நஞ்சுண்டசாமி பார்க்கவில்லை.

இடது ஜாடியைத் திறந்தார். விரலால் நாசியை அடைக்கவில்லை, கண்ணை மூடவில்லை. சும்மா, எல்லோரையும்போல முகர்ந்தார். வலது ஜாடியைத் திறந்தார். அதையும் முகர்ந்தார். மறுபடி இடது. மறுபடி வலது. அறைக்குள் வாழைப்பழம் மெல்லப் பரவியது. வாசலில் நின்ற வினிதாவுக்குக்கூடத் தெரிந்தது.

நஞ்சுண்டசாமி இரண்டு மூடிகளையும் நிதானமாக மூடினார். இடது ஜாடியை எடுத்துத் 'தண்ணீர்' என்ற சீட்டின்மேல் வைத்தார். பிறகு, வலது ஜாடியை எடுத்து, சீட்டில் இடம் போதாததால் முதல் ஜாடியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, அதன் பக்கத்திலேயே வைத்தார்.